பூரி அளவுதான் விரியும்

டெக்சஸில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பக்கத்துத் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு. வீட்டில் ஒரு துப்பாக்கி வைத்துக்கொள் என்கிறார்கள் ஆபீஸ் நண்பர்கள். ஷாட்கன் வாங்கு, குறியே பார்க்க வேண்டாம் என்கிறார் ஒருவர். கைத்துப்பாக்கிதான் வசதி என்கிறார் இன்னொருவர். இயற்பியல் என்ன சொல்கிறது சார்?"

வாங்கலாமா கூடாதா என்பதற்கு அப்புறம் வருகிறேன். "குறியே பார்க்க வேண்டாம்" என்ற வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அடிப்படைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கைத்துப்பாக்கியில் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. பரவலாகப் புழங்கும் 9 மி.மீ. குண்டு சுமார் 8 கிராம், அதாவது ஒரு பவுன் எடை. வேகம் நொடிக்கு 350 மீட்டர் போல. ஷாட்கன் தோட்டாவிலோ பல உருண்டைகள். கொக்கு, நாரை சுட்டவர்களைப் பிடித்த செய்திகளில் 'பால்ரஸ் குண்டு' என்று படித்திருப்பீர்களே, அதற்கு இது பெரியண்ணன். அமெரிக்க வீடுகளில் சாதாரணமாக வைத்திருக்கும் '12 கேஜ்' வகையின் குழல் விட்டம் 18.5 மி.மீ. அந்த விட்டத்தில் 12 ஈய உருண்டைகள் பிடித்தால் மொத்தம் ஒரு பவுண்டு எடை வரும். பெயர் வந்த கதை அவ்வளவுதான். தற்காப்புக்கென்று வாங்கும் தோட்டாவில் 8.4 மி.மீ. உருண்டைகள் எட்டோ ஒன்பதோ இருக்கும். ஒன்பது என்றால் நான்கு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு, நொடிக்கு 390 மீட்டர்.

பள்ளிக் கணக்குப்படி 9 மி.மீ. குண்டின் ஆற்றல் சுமார் 490 ஜூல், ஷாட்கனுடையது 2,400 ஜூல். நியூட்டன் சும்மா விடுவாரா? வெடிமருந்து வாயுவைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தாலே, 3.3 கிலோ ஷாட்கன் தோளில் இடிக்கும் ஆற்றல், 0.8 கிலோ கைத்துப்பாக்கி கையில் உதைப்பதைப்போல நான்கரை மடங்கு.

சரி, குழலுக்குள் போவோம். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

தோட்டாவுக்குள் ஒன்பது உருண்டைகளும் அடுக்குக்கு மூன்றாக, மூன்று அடுக்குகளாக உட்கார்ந்திருக்கின்றன. பெரும்பாலும் அவற்றைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அடியில் வெடிமருந்து. அது எரிந்ததும் அரை மீட்டர்கூட இல்லாத குழலுக்குள் பூஜ்ஜியத்திலிருந்து 390 மீட்டர் வேகத்துக்கு வந்தாக வேண்டும். அதற்கான சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப்போல சுமார் 17,000 மடங்கு! அந்தக் கணத்தில் மூன்றரை கிராம் உருண்டை ஒவ்வொன்றும் 60 கிலோ ஆள்போல் கனக்கிறது. அடி அடுக்கில் இருக்கும் உருண்டையின் தலைமேல் இரண்டு ஆள் ஏறி நிற்கிற மாதிரி. ஈயமோ மென்மையான உலோகம். நசுங்கத்தான் செய்யும்.

வெளியே வந்ததும் காற்று கணக்குத் தீர்க்கிறது. உருண்டையாகவே தப்பித்தவை நேராகப் போகின்றன. நசுங்கியவை ஒரு பக்கம் தட்டை என்பதால் காற்று அவற்றை ஓரமாகத் தள்ளுகிறது. குண்டுகள் சிதறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் ஈயத்தோடு ஆன்டிமனி கலந்து கடினமாக்குகிறார்கள், செம்புமுலாம் பூசுகிறார்கள், சில தோட்டாக்களில் உருண்டைகளுக்கு நடுவே வெள்ளை பிளாஸ்டிக் தூளைக் கொட்டி மெத்தை போடுகிறார்கள். கண்ணாடி வளையலைத் தவிட்டுக்குள் வைத்து அனுப்புவதுபோல! கிண்ணத்திலும் ஒரு வித்தை உண்டு. பழைய வகையில் இதழ்கள் பூப்போல விரிந்து குண்டுகளை உடனே விட்டுவிடும். புதிய வகை ஒன்றில் பின்புறத்தில்தான் சிறகுகள் விரிகின்றன. அவை கிண்ணத்தை நிதானமாகப் பின்னுக்கு இழுக்க, குண்டுகள் கூட்டம் கலையாமல் முன்னே நழுவுகின்றன.

முடிவு என்ன? பழைய தோராயக் கணக்கு, கெஜத்துக்கு ஒரு அங்குலம் விரிவு. வீட்டுக்குள் நடப்பது பெரும்பாலும் ஐந்து மீட்டருக்குள். அங்கே விரிவு 14 செ.மீ., ஒரு பூரி. புதிய கிண்ணமென்றால் இட்லிக்குள் அடங்கிவிடும். குறி பார்க்காமல் சுட்டால் சுவரில் பூரி அளவு ஓட்டை விழும், அவ்வளவுதான். குழலை அறுத்துக் குட்டையாக்கினால் அறை முழுக்கச் சிதறும் என்பதும் சினிமாக் கதைதான்.

குறி பார்ப்பதில் ஷாட்கனுக்கு உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. குறி பார்க்கத் துப்பாக்கியின் மேலே இருக்கும் இரண்டு அடையாளங்கள், முன்குறியும் பின்குறியும். கைத்துப்பாக்கியில் இவற்றுக்கு இடைவெளி 15 செ.மீ. அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஏழு மீட்டரில் கிட்டத்தட்ட ஐந்து செ.மீ. தள்ளிப் போகும். ஷாட்கனின் அரை மீட்டர் இடைவெளியில் அதே பிசகு ஒன்றரை செ.மீ.தான். தோளும் கன்னமும் முட்டுக் கொடுப்பது தனி லாபம். மறுபக்கம், குறுகலான நடையில் ஒரு மீட்டர் நீள ஆயுதத்தோடு திரும்புவது ஏணியோடு திரும்புகிற மாதிரி.

வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை பற்றிய ஹெல்லர் வழக்கில், 2008-இல் வந்த தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஸ்கேலியா கைத்துப்பாக்கிக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் போலீசுக்குப் போன் போடலாம்.

தோட்டா ஏற்ற ஷாட்கனை 'சரக் சரக்' என்று இழுத்த சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான் என்றும் சொல்கிறார்கள். எலுமிச்சம்பழம் கட்டுவதற்கு இதைவிடச் செலவு குறைவு.

சுவருக்கு வருவோம். அமெரிக்க வீட்டின் உள்சுவர் நம் செங்கல் சுவர் இல்லை. மரச்சட்டத்தின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவே வெறும் காற்று. தட்டினால் 'டொம்' என்று கேட்கும். 9 மி.மீ. குண்டோ, பெரிய பால்ரஸோ, இரண்டுமே இப்படிப் பல சுவர்களைத் துளைத்துப் போகும். உடம்பில் விரிந்து நிற்கட்டும் என்று நுனியில் குழி வைத்த குண்டுகூட, ஜிப்சம் தூள் குழியை அடைத்துவிட்டால் சாதாரண குண்டாகிவிடும். பறவை சுடும் பொடிக் குண்டு சீக்கிரம் வேகம் இழக்கும். அதனாலேயே ஆளை நிறுத்துவதிலும் நிச்சயமில்லை.

இனி, வாங்கலாமா என்ற கேள்வி. 1993-இல் கெல்லர்மனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி உள்ள வீடுகளில் கொலை அபாயம் 2.7 மடங்கு என்று வந்தது. அது காரணமா, வெறும் தொடர்பா என்று விவாதிக்கலாம். விவாதிக்க இன்னும் ஆய்வு வேண்டுமல்லவா? 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிதியில் 26 லட்சம் டாலரை, அதாவது துப்பாக்கி ஆய்வுக்கு அந்த மையம் செலவழித்துவந்த அதே தொகையை, வேறு வேலைக்குத் திருப்பிவிட்டது. துப்பாக்கி ஆய்வுக்கென்று தனியாக மறுபடி பணம் ஒதுக்க 2019 டிசம்பர் ஆனது. இருபது வருடத்துக்கும் மேல் விளக்கை அணைத்துவிட்டுத் தேடியிருக்கிறார்கள். எனக்கு இதில் இன்னும் கோபம் தீரவில்லை. அந்நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதையும் திருடனைப் பற்றிப் பேசும்போது யாரும் சொல்வதில்லை.

வாசகருக்குப் பதிலாக ஒரே ஒரு வேலை கொடுத்தேன். வீட்டின் வரைபடத்தை எடுத்து, படுக்கையறை வாசலிலிருந்து கூடத்துக் கதவுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள், கோட்டைக் கதவோடு நிறுத்தாமல் நீட்டுங்கள் என்றேன். மறுநாள் படம் அனுப்பியிருந்தார். கோடு இரண்டு சுவரைத் தாண்டி மகளின் கட்டிலில் முடிந்திருந்தது. கீழே ஒரு வரி: "கதவுக்கு முதலில் நல்ல தாழ்ப்பாள் போட்டுவிடுகிறேன் சார்."