எட்டு ஆண்டா, இருபத்தொன்பது ஆண்டா?

லண்டனின் கிழக்குப் பகுதியில், உல்விச் அருகில் தேம்ஸ் ஆற்றின் குறுக்கே நிற்கும் வெள்ளத் தடுப்பைக் கட்ட எட்டு ஆண்டு ஆனது என்பார்கள். 1974-ல் வேலை தொடங்கி 1982-ல் இயக்கத்துக்கு வந்தது, சரிதான். ஆனால் இங்கிலாந்தில் 307 உயிர்களைக் கொண்டுபோன கடல் வெள்ளம் வந்தது 1953-ல். இடையில் கமிட்டி அறிக்கைகள், கப்பல் போக எவ்வளவு அகலம் விடுவது என்ற இழுபறி, 1972-ல் ஒரு தனிச்சட்டம். ஆக 29 ஆண்டு. ஒப்பந்தக்காரர் தரும் கால அட்டவணையில் இந்தக் கணக்கு வராது. திட்டமிடுபவர் இதை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

தடுப்பின் நீளம் 520 மீட்டர், இரும்பு ஷட்டர்கள் பத்து. பெரியவை நான்கும் தலா 61 மீட்டர். சாதாரண நாளில் ஆற்றடிக் கான்கிரீட் பள்ளத்தில் படுத்திருக்கும், கப்பல்கள் மேலே போகும். கடல் பொங்கும் என்று எச்சரிக்கை வந்தால் சுழற்றி நிமிர்த்துவார்கள். இன்னொரு உபயோகமும் உண்டு. மேல்பகுதியில் மழை கொட்டி ஆறு பெருகும்போது, கடல் வற்றம் (அலையேற்றம் தணிந்து நீர் இறங்குவது) முடிந்த கையோடு மூடிவிடுவார்கள். கடல்நீர் உள்ளே ஏறாததால் காலியாகக் கிடக்கும் ஆற்றுப்பள்ளம் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். 2013–14 குளிர்காலத்தில் மட்டும் 50 முறை மூடினார்கள். அதில் 41 இந்த ஆற்று வெள்ளத்துக்காக. ஒவ்வொரு மூடலிலும் இயந்திரம் தேய்கிறது, பழுது பார்க்கக் கிடைக்கும் நாளும் குறைகிறது. ஆண்டுக்கு 50-ஐத் தாண்டினால் தாங்காது என்பது தடுப்பை இயக்குபவர்கள் கணக்கு.

லண்டனையும் தேம்ஸ் கழிமுகத்தையும் வெள்ளத்திலிருந்து காக்க 2012-ல் வந்த ‘தேம்ஸ் எஸ்சுவரி 2100’ என்ற நீண்டகாலத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது இதுதான்: 2100-ல் கடல் எவ்வளவு உயரும் என்று ஒரே எண்ணில் பந்தயம் கட்டவில்லை. 90 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, 2.7 மீட்டர் வரை போனாலும் எந்த வழிக்கு மாறலாம் என்று பார்த்தார்கள். கடல் மட்டம், ஆற்றின் உச்சப் பெருக்கு, கரைச்சுவரின் நிலை, மூடல் எண்ணிக்கை ஆகியவற்றைத் தொடர்ந்து அளக்கிறார்கள். அளவு வேகமாக நகர்ந்தால் முடிவெடுக்கும் தேதியும் முன்னால் வரும். 2023 திருத்தத்தின்படி, தடுப்பை மேம்படுத்துவதா, வேறு கட்டுவதா என்பதை 2040-க்குள் முடிவு செய்ய வேண்டும். அது 2070-ல் இயங்க வேண்டும். கழித்தால் 30.

கோட்டை விடுவது பெரும்பாலும் நிலத்தில்தான். கரைச்சுவரை உயர்த்த அடிப்பாகத்தை அகலமாக்க வேண்டும், கிரேன் நிற்க இடம் வேண்டும். சுவரை ஒட்டி அடுக்குமாடி எழும்பிவிட்டால் இரண்டும் போச்சு. அதனால்தான் சுவரை ஒட்டிய அந்த நிலப்பட்டையைக் காலியாக வைக்கச் சொல்கிறார்கள். தடுப்புக்கு மேற்கே சுவர் உயர்ந்தால் சின்னச் சின்ன ஏற்றத்துக்கெல்லாம் ஷட்டரைத் தூக்க வேண்டியதில்லை. அந்த வேலைக்கு முதலில் வைத்த கெடு 2065, இப்போது 2050.