அந்தத் தடிப் புத்தகத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

வாசிப்புச் சிக்கலோடு என்னிடம் வருவதில், இந்த மாதத்தில் இது நான்காவது பிள்ளை. எட்டு வயது, கையில் முந்நூறு பக்கப் புத்தகம். "எல்லாம் படிச்சிடுவான் மேடம், கதை என்னன்னு கேட்டாத்தான் முழிக்கிறான்" என்றார் அம்மா. படிக்கச் சொன்னேன். முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எதற்கும் நிற்காமல் ஓடினான். தெரியாத சொல் வந்தால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னான். இரண்டு பக்கம் முடிந்ததும், "கதவைத் திறந்தது யார்?" என்று கேட்டேன். "எந்தக் கதவு?" என்றான்.

வாசிப்பில் சரளம் என்று நாங்கள் சொல்வதில் மூன்று சேர்ந்திருக்கின்றன: சொல்லைத் தப்பில்லாமல் படிப்பது, தடங்கலில்லாத வேகம், பொருளுக்கேற்ற ஏற்ற இறக்கம். வீட்டில் ஸ்டாப்வாட்ச் வைத்து உட்காருபவர்களுக்கு நடுவில் இருப்பது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "இது அவனுக்கு ரொம்ப ஈஸி" என்று சொல்லி, பிள்ளை ஆசையாக எடுத்த, சின்னச் சின்ன அத்தியாயங்களாக இருக்கும் புத்தகத்தைப் பிடுங்கி அலமாரியில் வைப்பார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. ஈஸியாக இருப்பதால்தானே அதைக் கொடுக்கச் சொல்கிறோம்! எழுத்துக்கூட்டுவதிலேயே கவனம் முழுவதும் கரைந்துவிட்டால் கதைக்கு என்ன மிஞ்சும்? பெரிய எழுத்து, வரிகளுக்கிடையே நல்ல இடைவெளி, அங்கங்கே ஒரு படம், ஒரே மூச்சில் முடிக்கக்கூடிய அத்தியாயம். இதெல்லாம் அந்தப் பிள்ளைக்காகவே யோசித்துச் செய்தவை.

வரிசைப் புத்தகங்கள் இன்னும் நல்லவை. அதே சிறுமி, அதே நாய், அதே சிடுமூஞ்சிப் பக்கத்து வீட்டுக்காரர். பெயர்களும் சொற்களும் திரும்பத் திரும்ப வருவதால், மூன்றாவது புத்தகத்தில் அவற்றைக் கூட்டிப் படிக்க வேண்டியதே இல்லை. பார்த்ததும் வாயில் வந்துவிடும். "ஒரே மாதிரிக் கதையை ஏழு புத்தகமா படிக்கிறாளே" என்று ஒருவர் குறைப்பட்டார். படிக்கட்டுமே. ஒரே துப்பறிவாளரின் கதைகளை வரிசையாக விழுங்கியவர்கள்தானே நாமும்?

தமிழில் இன்னொரு தொல்லை, சொல்லின் நீளம். 247 எழுத்தும் தெரிந்த பிள்ளைகூட 'ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று வந்தால் மூச்சுத் திணறி நின்றுவிடும். அதை எங்கே உடைத்துப் படிப்பது என்பது, எளிய வாக்கியங்களில் அந்த மாதிரிச் சொற்களைப் பலமுறை சந்தித்தால்தான் பிடிபடும்.

சரி, எந்தப் புத்தகம்? நூறு சொல் படிக்கச் சொல்லி, தடுமாறும் இடங்களை எண்ணுங்கள். ஐந்தைத் தாண்டினால் அது நீங்கள் பிள்ளைக்குப் படித்துக்காட்ட வேண்டிய புத்தகம். தனியாகப் படிக்கக் கொடுக்காதீர்கள்.

தினமும் பத்து நிமிடம் வாய்விட்டுப் படிக்கட்டும், பக்கத்தில் நீங்கள் இருங்கள். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் வெளியிட்ட அறிக்கையில், உடனிருந்து திருத்துபவரோடு வாய்விட்டுப் படிப்பதற்குத் தெளிவான பலன் இருப்பதாகச் சொன்னது. பிள்ளையை மௌனமாகப் படிக்க விட்டாலே சரளம் வந்துவிடும் என்பதற்குப் போதிய சான்று அந்தக் குழுவுக்குக் கிடைக்கவில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு போனை எடுப்பவர்கள் இதைக் கவனிக்கவும். படித்த பகுதியையே மறுபடி படிக்கச் சொல்வதும் வீண்வேலை இல்லை. வாசிப்பு ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979-லேயே விளக்கிய முறை அது, ஐம்பதிலிருந்து இருநூறு சொல் போதும். முதலில் நீங்கள் ஒருமுறை உணர்ச்சியோடு படித்துக்காட்டுங்கள். தப்பு வந்த நொடியே பாயாதீர்கள். வாக்கியம் முடியட்டும், தானாகவே திருத்திக்கொள்ளக்கூடும். தம்பி தங்கையோடு ஒப்பிடவே வேண்டாம், தயவுசெய்து.

எளிய புத்தகத்திலும் மாதக்கணக்கில் தடுமாற்றம் குறையவில்லையா, வரியைத் தவறவிடுகிறதா? முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள், அப்புறம் கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் நிபுணரிடம் போங்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருந்து வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அந்தப் பையனிடம் அறுபது பக்கப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். வாசல்வரை போன அம்மா திரும்பி வந்து, "அந்தப் பெரிய புத்தகத்தை எப்போ ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார். அலமாரியிலேயே இருக்கட்டும் அம்மா, ஊசிப்போகாது.