முகில் அறை: கருவியைக் கட்டுவதே பாடம்

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் விடை தெரிந்த சோதனைகள்தான் நடக்கும். கருவி மேசைமேல் தயாராக இருக்கும். மாணவர் அளவெடுத்து, அட்டவணையை நிரப்பி, பிழைச் சதவீதம் போட்டுவிட்டுக் கிளம்புவார். செயல்திட்டப் பாடங்களில் கருவியைக் கட்டுவதே பாடம். எம்ஐடியில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 1998-இல் தொடங்கிய, ‘ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி’ என்ற பொருள்படும் பெயர்கொண்ட பாடம் இவ்வகையில் புகழ்பெற்றது. லேசர் வெட்டு, முப்பரிமாண அச்சு, மின்சுற்றுப் பலகை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு கைவேலை. முடிவில் மாணவரே வடிவமைத்த ஒரு பொருள்.

இயற்பியல் துறை இப்படி ஒரு பாடம் நடத்த நினைத்தால், எந்தத் திட்டத்தைக் கொடுப்பது என்பதுதான் பாதி வேலை. ட்ரோன் கிட், ரோபோ கார் போன்றவை இதற்குச் சரிப்படாது. பாகங்களைப் பூட்டினால் ஓடும். ஓடாவிட்டால் காரணம் ஏதோ ஒரு சிப்புக்குள் ஒளிந்திருக்கும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஒவ்வொரு பாகத்தையும் கெடுத்துப் பார்த்து அதன் வேலையைப் புரிந்துகொள்ள முடிய வேண்டும், கட்டும் முன்பே ஓர் எண்ணைக் கணித்து எழுதிவைக்க முடிய வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்துவது முகில் அறை.

இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன் 1911-இல் முதன்முதலாக அணுவினும் சிறிய துகள்களின் தடங்களைப் பார்த்த கருவி இது. 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானை 1932-இல் கார்ல் ஆண்டர்சன் கண்டதும் முகில் அறையில்தான். வில்சனுடைய கருவி காற்றைத் திடீரென விரிவடையச் செய்து குளிர்விக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு கணம் மட்டுமே காட்சி. மாணவர்களுக்கு ஏற்றது, பின்னால் வந்த பரவல் வகை. அது தொடர்ந்து வேலை செய்யும், நகரும் பாகமே கிடையாது.

பெட்டியின் மேற்பகுதி அறை வெப்பநிலையில் இருக்கிறது. அங்கே ஆல்கஹாலில் நனைத்த ஃபெல்ட் துணி. அடியில் −30 °C-க்கும் கீழே குளிர்ந்த தகடு. மேலே ஆவியாகும் ஆல்கஹால் கீழே பரவும்போது குளிர்கிறது. தகட்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் மேலே, அந்தக் குளிரில் காற்று தாங்கக்கூடிய அளவைவிட அதிக ஆவி சேர்ந்துவிடுகிறது. இது மீதெவிட்டிய அடுக்கு. ஆனாலும் ஆவி உடனே துளியாகிவிடுவதில்லை. மிகச் சிறிய துளியின் வளைந்த பரப்பிலிருந்து மூலக்கூறுகள் எளிதில் தப்பிவிடுவதால், துளி வளரும் முன்பே ஆவியாகிவிடும். நடுவில் ஓர் அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற அணு அல்லது மூலக்கூறு, இருந்தால் அதன் மின்னூட்டம் மூலக்கூறுகளைப் பிடித்து வைக்கும். துளி தடையைத் தாண்டி வளரும். வேகமாகப் போகும் மின்னூட்டத் துகள் தன் வழியெங்கும் அயனிகளை விட்டுச் செல்கிறது. ஒவ்வோர் அயனியின் மேலும் துளி கட்ட, போன பாதை வெள்ளைக் கோடாகத் தெரிகிறது.

கோட்டின் தடிமனைக் கணக்கிலேயே காட்டலாம். காற்றில் ஓர் அயனி இணையை (நேர் அயனியும் அதிலிருந்து பிரிந்த எலக்ட்ரானும்) உண்டாக்கச் சுமார் 34 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவை. 5 மெகா (50 லட்சம்) எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஆல்பா துகள் (ஹீலியம் அணுக்கரு) அது முழுவதையும் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டருக்குள் இழந்துவிடும். ஆக, சென்டிமீட்டருக்கு 40,000 இணைகள். விண்கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் மியூவான் என்ற துகள் காற்றில் சென்டிமீட்டருக்கு இழப்பது சுமார் 2 கிலோ எலக்ட்ரான்வோல்ட்தான். 60 இணை தேறும். அதனால்தான் ஆல்பா தடம் குட்டையாகவும் கொழுத்தும், மியூவான் தடம் நீளமாக, நேராக, மெல்லிய நூலாகவும் இருக்கிறது. கோணல்மாணலாகச் சுருண்டு போவது ஆற்றல் குறைந்த எலக்ட்ரான்.

தேவையானவை: 30 × 20 × 20 செ.மீ. கண்ணாடித் தொட்டி, அதைவிடச் சற்றே பெரிய 3 மி.மீ. அலுமினியத் தகடு, 3 செ.மீ. அகல ஃபெல்ட் பட்டை, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 40 மி.லி., உலர்பனி (திட கார்பன் டை ஆக்சைடு) 2 கிலோ, அதை வைக்கத் தெர்மோகோல் பெட்டி, களிமண் போன்ற மாடலிங் கிளே, குறுகிய ஒளிக்கற்றை தரும் எல்இடி டார்ச். தகட்டின் மேற்பரப்பு மங்கலான கறுப்பாக இருக்க வேண்டும். கறுப்பு மின்நாடா ஒட்டினாலும் போதும். ஃபெல்ட்டைப் பசைத் துப்பாக்கியால் ஒட்ட வேண்டாம். ஐசோபுரொப்பைல் அந்தப் பசையின் பிடியை விடுவித்துவிடும். துணி நடுவில் கழன்று விழும். கண்ணாடியின் இருபுறமும் சிறு காந்தங்களை வைத்து இறுக்குவது மேல். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பெட்டி வைத்தால் சில நாட்களில் மயிரிழை விரிசல் விட்டுப் பார்வை மங்கும்.

ஃபெல்ட்டைத் தொட்டியின் அடிப்புறத்தை ஒட்டி உட்சுவரில் பொருத்தி, சொட்டாத அளவுக்கு நனைத்து, தொட்டியைக் கவிழ்த்துத் தகட்டின் மேல் வையுங்கள். விளிம்பைச் சுற்றிலும் கிளே வைத்து அடைக்க வேண்டும். உலர்பனியை நொறுக்கிச் சமமாகப் பரப்பி, அதன் மேல் தகட்டை அழுத்தி உட்கார வையுங்கள். பாளமாக வைத்தால் இடையில் வாயு அடுக்கு உருவாகித் தகட்டின் சில பகுதிகள் குளிராமலே நிற்கும். 10 முதல் 15 நிமிடம் தூறல் மட்டுமே தெரியும். காற்றில் இருந்த தூசுமேல் ஆவி படிந்து விழுவது அது. தூசு தீர்ந்ததும் தடங்கள் தொடங்கும்.

தொடங்காவிட்டால்? பெரும்பாலான குழுக்கள் முதலில் சந்தேகிப்பது குளிரை. ஆனால் அடிக்கடி குற்றவாளி வெளிச்சம். டார்ச் தகட்டை ஒட்டிக் கிடைமட்டமாக அடிக்க வேண்டும். பார்ப்பவர் அதற்கு எதிர்ப்புறம் சற்றே விலகி நின்று, ஒளி தன்னை நோக்கி வரும் திசையில் பார்க்க வேண்டும். இந்த அளவுள்ள துளிகள் ஒளியை முன்னோக்கித்தான் அதிகம் சிதறடிக்கும். டார்ச்சின் பின்னாலிருந்து பார்த்தால் நன்றாக ஓடும் அறையும் காலியாகத் தெரியும். தூறல் சுழன்று அலைந்தால் எங்கோ கசிவு. தூறலே இல்லையென்றால் தகடு போதிய அளவு குளிரவில்லை, அல்லது மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹாலை ஊற்றியிருக்கிறார்கள். அதிலுள்ள தண்ணீர் தகட்டில் உறைந்து வெள்ளைப் படலமாகும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அறை திடீரென மங்கினால், துணியால் தேய்த்த பிளாஸ்டிக் அளவுகோலை மேற்கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். பழைய அயனிகளை அது இழுத்துவிடும். புதிய தடங்கள் மறுபடி தெளிவாகும்.

பாதுகாப்பு விஷயத்தில் இரண்டு மட்டும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ உலர்பனி 500 லிட்டருக்கும் மேலான கார்பன் டை ஆக்சைடாக மாறும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அதை இறுக மூடும் பாத்திரத்தில் ஒருபோதும் வைக்கக் கூடாது, கைக்குத் தடித்த கையுறை வேண்டும். ஆல்கஹால் ஆவி தீப்பற்றும் என்பதால் பக்கத்தில் நெருப்போ தீப்பொறியோ ஆகாது.

இனிமேல்தான் பாடம். கடல் மட்டத்தில் கிடைமட்டப் பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழுகிறது. 600 ச.செ.மீ. தகட்டுக்கு நிமிடத்துக்கு 600, அதாவது விநாடிக்குப் பத்து. அறையை இயக்கும் முன் ஒவ்வொரு குழுவும் இந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எண்ணிப் பார்த்தால் அதைவிட மிகக் குறைவாகவே வரும். காரணம், மியூவான்கள் பெரும்பாலும் செங்குத்தாக வருபவை. மெல்லிய அடுக்கைக் குத்திக்கொண்டு போகும் தடம் மேலிருந்து பார்க்க ஒரு புள்ளிதான். கண் அதைத் தவறவிடும். சாய்ந்து வருபவையே கோடாகத் தெரிகின்றன. எந்தக் கோணத்துக்கு மேல் சாய்ந்தால் தங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்று குழு கணக்கிட்டு, வித்தியாசத்தை விளக்க வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்த விளக்கத்துக்கே போவது நியாயம்; அழகான காணொளிக்கு அல்ல.

அடுத்தது பலூன் சோதனை. கதிர்வீச்சு தரும் பொருள் எதையும் வாங்க வேண்டியதில்லை. ரப்பர் பலூனை ஊதிக் கம்பளியில் நன்றாகத் தேய்த்து, மூடிய தரைத்தள அறையில் அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயு சிதைந்து உண்டாகும் தனிமங்களின் அணுக்கள் பெரும்பாலும் நேர்மின்னூட்டத்துடன் பிறப்பதால், எதிர்மின்னூட்டம் பெற்ற பலூனில் வந்து ஒட்டிக்கொள்ளும். காற்றை இறக்கினால் பரப்பு சுருங்கி, ஒட்டியது ஒரே இடத்தில் குவியும். அதை அறைக்குள் வைத்தால் கொழுத்த ஆல்பா தடங்கள் நாலாபுறமும் சிதறும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். 36 வந்தால் அதன் நிச்சயமின்மை வர்க்கமூலமான 6. இதைக் குறிக்காத வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒட்டிய தனிமங்களில் ஈயம்-214 (அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், 27 நிமிடம்), பிஸ்மத்-214 (20 நிமிடம்) இரண்டும் சங்கிலியாகச் சிதைவதால் வரும் வளைகோடு ஒற்றை அரை ஆயுளுக்குப் பொருந்தாது. தொடக்கத்தில் புள்ளிகள் ஏன் கோட்டைவிட்டு விலகுகின்றன என்று மாணவரே கேட்பார். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் பலூனின் மின்னூட்டம் நிமிடங்களில் கசிந்துவிடும். அன்று இந்தச் சோதனையை வைக்காதீர்கள்.

உலர்பனி கிடைக்காத இடத்தில், மின்சாரம் பாய்ந்தால் ஒருபுறம் குளிர்ந்து மறுபுறம் சூடேறும் பெல்டியர் தகடுகளை அடுக்கலாம். மாணவர்கள் தவறாமல் சறுக்கும் இடமும் இதுதான். டிஇசி1-12706 என்ற வகைத் தகடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டுக்கும் 12 வோல்ட் கொடுப்பார்கள். மேல்தகடு தானே 50 வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கீழே தள்ளும். கீழ்த்தகட்டால் அவ்வளவையும் இறைக்க முடியாது, அடுக்கு முழுவதும் சூடேறும். மேல்தகட்டை 5 வோல்ட்டுக்குக் குறைத்தால் அது தள்ளும் மின்வெப்பம் சுமார் 10 வாட்டாகி, குளிர் இறங்கத் தொடங்கும். தகடுகளுக்கு இடையே வெப்பப் பசையை, அடியிலுள்ளது தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தடவினால் போதும். தடித்தால் அதுவே போர்வை. கீழே கணினிச் செயலியின் குளிர்விப்பானை விசிறியோடு பொருத்தி, அது சுழல்வதைப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். விசிறி இல்லாமல் ஒரு நிமிடம் விட்டாலே தகட்டின் உள்ளிருக்கும் பற்றாசு உருகிவிடக்கூடும். இரண்டு தகடு உதிரியாக வாங்கி வைப்பது நல்லது.