தூசி அடங்கிவிட்டது என்று யார் சொன்னது?

தை பிறந்துவிட்டால் நுரையீரல் டாக்டரான என் ஓ.பி.யில் புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். ஓட்டைப் பிரித்துத் தளம் போடுகிறவர்கள், பழைய டைல்ஸைப் பெயர்க்கிறவர்கள், வேலை முடியும்வரை அதே வீட்டில் ஒரு ரூமில் ஒண்டிக்கொள்கிறவர்கள். இந்த வாரம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பாட்டியைத் தூக்கி வந்தார்கள். பழைய ஆஸ்துமா, இன்ஹேலரை ஒழுங்காக எடுக்கிறவர். அன்றைக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. "தூசியெல்லாம் சாயங்காலமே அடங்கிருச்சுங்க டாக்டர், நல்லாப் பெருக்கிட்டுத்தான் அம்மாவைப் படுக்க வெச்சோம்" என்கிறார் மகன்.

பெருக்கிவிட்டு!

எத்தனை முறை சொல்வது? கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் மாட்டி, தும்மலோடும் சளியோடும் வெளியே வந்துவிடும். நுரையீரலின் அடிவரை போவது 4 மைக்ரானுக்கும் சின்னத் துகள். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும். அவ்வளவு பொடிசான தூசி மேஸ்திரி கிளம்பிப் போன பிறகும் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், தரை பளிச்சென்று இருக்கும்போதே நிற்கும். கொஞ்சநஞ்சம் கீழே படிந்ததையும் நீங்கள் விளக்குமாற்றால் கிளப்பிவிட்டு, வியர்க்கிறது என்று ஃபேனையும் போட்டு, அதற்கு நேர் கீழே பாட்டிக்குப் பாய் விரிக்கிறீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள். தலையணை உறை, கொசுவலை, எல்லாவற்றையும் அலசுங்கள். முகத்தில் துண்டு கட்டுவதால் பிரயோஜனம் இல்லை, என்95 மாஸ்க்கே தாடி மேல் சரியாக உட்காராது.

"சிலிகோசிஸ் வந்துடுமா டாக்டர்?" என்றும் கேட்கிறார்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து வருகிற நோய் அது. சில வாரம் வீட்டில் இருந்ததற்கு அந்தப் பயம் பெரும்பாலும் வேண்டாம். வருஷக்கணக்கில் மாஸ்க் இல்லாமல் கல்லும் டைல்ஸும் அறுக்கிற தம்பிக்குத்தான் அது வரும். தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

பழைய எனாமல் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது கைக்குழந்தையும் கர்ப்பிணியும் அந்த வீட்டிலேயே இருக்கக்கூடாது. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த ஜன்னல் கம்பியில் என்ன இருக்கிறதோ! ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுத்தியலால் உடைக்காதீர்கள். நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்குங்கள். ஏற்காட்டுக்காரர்கள் குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு பெயின்ட் அடிப்பதையும், அதே ரூமில் ராத்திரி கரி அடுப்பு மூட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

(என் துறை இல்லை, இருந்தாலும்: தளத்தில் பாத்தி கட்டி நிறுத்துகிற தண்ணீரில் டெங்கு கொசு வளரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வடித்து மாற்றுங்கள்.)

வாடகைக்கு வேறு வீடு பார்க்க எல்லோராலும் முடியாது, தெரியும். இடிப்பது, அறுப்பது, பட்டி தேய்ப்பது என்றைக்கென்று மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேட்டு, அந்த நாட்களுக்காவது பெரியவர்களையும் குழந்தைகளையும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். மற்ற நாளில் வேலை நடக்கிற ரூம் வாசலைத் தார்ப்பாயால் மூடி நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். ஆஸ்துமா இருந்தால் கடப்பாறை வீட்டுக்குள் வருவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனால் விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.