பிறப்பதற்கு முன்பே தொடங்கும் கணக்கு

தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும் பெண் குழந்தையின் சினைப்பைகளில் சுமார் 60 முதல் 70 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். அவளுடைய ஆயுளிலேயே அதுதான் உச்சம். பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடும்; பூப்பெய்தும்போது 3 முதல் 4 லட்சம். இவற்றில் முதிர்ந்து வெளியே வருபவை வாழ்நாள் முழுவதற்கும் ஏறக்குறைய 400 முதல் 500தான். மற்றவை எல்லாம் சினைப்பைக்குள்ளேயே அழிந்து, உடலோடு கலந்துவிடுகின்றன.

இனப்பெருக்க உறுப்புகளின் வேலை பருவ வயதில் தொடங்கி நாற்பதுகளில் முடிந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நினைப்பால் பல நோய்களைத் தாமதமாகக் கவனிக்கிறோம். இந்த உறுப்புகளின் கதை கரு உண்டான சில வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆறாவது வாரம் வரை கருவின் உறுப்புகளைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. விரையாகவோ சினைப்பையாகவோ மாறக்கூடிய ஒரு ஜோடிச் சுரப்பிகள் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் உல்ஃபியன், முல்லேரியன் என்று இரண்டு ஜோடிக் குழாய்கள். ஒய் குரோமோசோமில் எஸ்.ஆர்.ஒய் என்ற மரபணு இருந்தால் சுரப்பி விரையாகிறது. இந்த மரபணு 1990இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. விரை சுரக்கும் ஒரு ஹார்மோன் முல்லேரியன் குழாய்களைக் கரைத்துவிடும். இன்னொன்றான டெஸ்டோஸ்டிரோன், உல்ஃபியன் குழாய்களை விந்துக்குழாய்களாக வளர்க்கும். பெண் கருவில் முல்லேரியன் குழாய்கள் நிலைத்து, கருக்குழாய்களாகவும் கருப்பையாகவும் மாறுகின்றன. பெண் உடல் 'தானாக' உருவாகிவிடுகிறது என்று பல காலம் எழுதிவந்தார்கள். அது சரியல்ல. சினைப்பை உருவாகவும் அதற்கென்று சில மரபணுக்கள் முனைந்து வேலை செய்தாக வேண்டும்.

இரண்டு முல்லேரியன் குழாய்களும் நடுவில் ஒன்றாகச் சேர்ந்தால்தான் ஒரே கருப்பை. சேர்க்கை முழுமையடையாவிட்டால் கருப்பை இரண்டாகப் பிரிந்திருக்கும், அல்லது நடுவில் ஒரு தடுப்புச் சுவர் நின்றுவிடும். அடிக்கடி கருக்கலைந்து, காரணம் தேடி ஸ்கேன் எடுக்கும்போதுதான் சில பெண்களுக்கு இது தெரியவருகிறது. குறை நிகழ்ந்ததோ அவர்கள் பிறப்பதற்கு முன்பே.

கருமுட்டைக்குத் திரும்புவோம். ஒவ்வொரு முட்டையும் தன் குரோமோசோம்களைப் பாதியாக்கும் பிரிவைக் கருவிலேயே தொடங்கிவிட்டு, நடுவழியில் நின்றுவிடுகிறது. அந்தப் பிரிவு மறுபடி நகர்வது, முட்டை வெளிவரும் மாதத்தில்தான். 38 வயதில் வெளிவரும் முட்டை 38 ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே காத்திருந்தது என்று பொருள். அத்தனை காலமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் வயதோடு நலிகின்றன. பிரியும் நேரத்தில் ஒன்று கூடவோ குறையவோ போய்விடலாம். ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் நோய்க்குறியுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு தாய்க்கு 25 வயதில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு, 40இல் ஏறக்குறைய நூற்றில் ஒன்று என்று உயர்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் முட்டைகள் மிச்சமாகுமா என்று பலர் கேட்பதுண்டு. மிச்சமாகாது. மாத்திரை முட்டை வெளிவருவதைத்தான் தடுக்கிறது; உள்ளே அழிவது கர்ப்ப காலத்தில்கூட நிற்பதில்லை. புகைபிடித்தல் அதை விரைவுபடுத்தும். சில புற்றுநோய் மருந்துகளும் அப்படித்தான். சிகிச்சை தொடங்கும் முன்பே முட்டைகளையோ விந்தணுக்களையோ உறையவைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். நெருக்கடியில் இந்தக் கேள்வி எளிதில் விட்டுப்போகும்.

சரி, எல்லாம் பிறக்கும்போதே இருக்க, பருவம் ஏன் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறது? கட்டளை மூளையில் இருக்கிறது. பிறந்த சில மாதங்களில் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் ஒருமுறை விழித்துப் பாலின ஹார்மோன்களைச் சுரக்கவைக்கிறது, பிறகு அடங்கிவிடுகிறது. மீண்டும் விழிக்கும்போது அது ஜி.என்.ஆர்.எச் என்ற ஹார்மோனை, சினைப்பைகளையும் விரைகளையும் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பிக்கு இடைவெளி விட்டு, துடிப்பு துடிப்பாக அனுப்புகிறது. இடைவெளிதான் இங்கே முக்கியம். அதே ஹார்மோனை இடைவிடாமல் கொடுத்தால் பிட்யூட்டரி செவிசாய்ப்பதை நிறுத்தி, எல்லாம் அடங்கிவிடும். அளவுக்கு முந்திப் பூப்படையும் குழந்தைகளுக்கு இந்தத் தந்திரத்தையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்போ, ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்போ பருவ மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெண்ணுக்கு 13 வயதாகியும் மார்பு வளரத் தொடங்காவிட்டாலும், பையனுக்கு 14 வயதாகியும் விரை பெரிதாகத் தொடங்காவிட்டாலும் அப்படியே.

ஆண் உடலின் வழி வேறு. பருவம் முதல் விந்தணுக்கள் புதிது புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று தயாராக இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும். அதனால் கடும் காய்ச்சலின் பாதிப்பு சில வாரங்கள் கழித்துக்கூட விந்துப் பரிசோதனையில் தெரியலாம். விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான சூடு தேவை. பிறந்து ஆறு மாதமாகியும் விரை பைக்குள் இறங்காத குழந்தையைக் காத்திருக்க விடாமல் அறுவை மருத்துவரிடம் காட்டச் சொல்வது இதனால்தான். இறங்காத விரையில் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் அபாயமும் உண்டு. பையன்களிடம் இன்னொன்றைச் சொல்லிவைக்க வேண்டும்: விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. முறுக்கிக்கொண்ட விரையைக் காப்பாற்ற ஏறக்குறைய ஆறு மணி நேரமே இருக்கிறது.

பெண்ணுக்குப் பொதுவாக 45 முதல் 55 வயதுக்குள் முட்டைகள் தீரும் நிலை வருகிறது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று கொள்வார்கள். கூடவே ஈஸ்ட்ரோஜனும் சரிகிறது. எலும்பைக் காத்துவந்த ஹார்மோன் அது. அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கும். திடீர் உடல் கொதிப்பு, தூக்கமின்மை, பிறப்புறுப்பு வறட்சி ஆகியவற்றை 'வயசானா இப்படித்தான்' என்று சகித்துக்கொள்ளத் தேவையில்லை, சிகிச்சை இருக்கிறது. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு சிறு கறையாக இரத்தம் பட்டாலும் அதை மாதவிடாயின் மிச்சம் என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் காரணம் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுதான். அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.