ரக்பி லீக் ப்ராப்: இருபது நிமிடத்தில் தீரும் தசை, பத்தாண்டில் தேயும் தோள்

ரக்பி லீக் அணியில் 13 பேர். அவர்களில் ஆறு பேர் ஃபார்வர்டுகள், அதாவது களத்தின் நடுவே மோதும் கனத்த ஆட்டக்காரர்கள். 8, 10 எண் சட்டை அணியும் இரு ப்ராப்களுக்குத்தான் அடி அதிகம். பெரும்பாலும் 105 முதல் 120 கிலோ வரை இருப்பார்கள். ஆட்டமோ 80 நிமிடம். பல ப்ராப்கள் முதல் 20, 25 நிமிடத்திலேயே பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். அது சோம்பல் அல்ல, உடலியல்.

பந்துடன் ஓடுபவரைப் பிடித்து நிறுத்துவது டேக்கிள். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரை வாய்ப்பு. ஒவ்வொரு டேக்கிள் முடிந்ததும் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்க வேண்டும். பந்துக்கு எதிரே நிற்கும் இருவருக்கு மட்டும் விலக்கு. ஆகவே நடுவில் நிற்கும் ப்ராப் முன்னே பாய்ந்து, மோதி, மல்லுக்கட்டி, எழுந்து, பின்னோக்கி ஓடி, மறுபடி பாய வேண்டும். வெடிப்பான பாய்ச்சலுக்குத் தசை நம்புவது, தன்னிடமுள்ள உடனடி எரிபொருளான பாஸ்போகிரியேட்டின் இருப்பை. அது முழுமையாக நிரம்பச் சில நிமிடங்கள் தேவை. ஆட்டம் தருவதோ சில விநாடிகள்.

இருப்பு குறைந்தால் முதலில் போவது வேகம். 110 கிலோ ஆள் விநாடிக்கு 6 மீட்டர் ஓடினால் இயக்க ஆற்றல் 1,980 ஜூல். வேகம் 4.5 ஆனால் 1,114 ஜூல்தான். கால் பங்கு வேகம் குறைந்ததற்கு, ஆற்றலில் ஏறத்தாழ 44 சதவீதம் போய்விட்டது. களைத்த 120 கிலோவைவிடப் புத்துணர்வுள்ள 105 கிலோ மேல் என்று பயிற்சியாளர்கள் கணக்குப் போடுவது இதனால்தான். ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் தொடரான என்.ஆர்.எல். போட்டியில் 2016-இல் ஆள் மாற்றங்களை 10-இலிருந்து 8-ஆகக் குறைத்ததும், யாரை எப்போது வெளியே எடுப்பது என்பது இன்னும் சிக்கலாயிற்று.

எத்தனை மீட்டர் ஓடினார் என்ற எண்ணைவிட, பந்துடன் டேக்கிள் செய்யப்படும்போது எப்படி விழுந்தார் என்பதே நல்ல ப்ராப்பைக் காட்டும். முழங்கையும் முழங்காலும் தரையில் படும்படி குப்புற விழுந்தால் சட்டென்று எழுந்து, பந்தைக் காலால் பின்னே உருட்டிவிடலாம். அதை எடுக்கும் ஹூக்கர், எதிரணி வரிசை கட்டுமுன் ஓடிவிடுவார். மல்லாக்க விழுந்தால் புரண்டு எழவே நேரம் போகும். டேக்கிளில் தடுக்கும் அணியின் மூன்றாவது ஆள் வந்து உடலைப் புரட்டப் பார்ப்பது அதற்காகவே.

தடுக்கும்போது முன்கால் எதிராளிக்கு அருகில் ஊன்ற வேண்டும். தோள் முதலில் பட வேண்டும். தலை அவர் உடலுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். தலை குறுக்கே போனால் இடுப்பெலும்போ முழங்காலோ மண்டையில் மோதும். கால் எட்டாமல் கையை மட்டும் நீட்டினால் தோள்மூட்டு நழுவலாம். களைத்தவருக்கு இந்த இரண்டு பிழையும் எளிதில் வந்துவிடும்.

இங்கிலாந்தின் ஃபார்வர்டு சாம் பர்ஜெஸ் 2014 என்.ஆர்.எல். இறுதிப் போட்டியின் முதல் மோதலிலேயே கன்ன எலும்பை முறித்துக்கொண்டார். ஆனாலும் கடைசி வரை ஆடினார். அவருடைய சவுத் சிட்னி அணிக்கு 43 ஆண்டுக்குப் பிறகு கோப்பை கிடைத்தது, அவருக்கு ஆட்ட நாயகன் பதக்கம். கன்ன எலும்பு ஆறிவிட்டது. ஆறாதது தோள். 2019-இல், 30 வயதில், அந்தத் தோள் காயத்தாலேயே ஓய்வு பெற்றார்.