தெர்மோஸ்டாட்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

பிரிட்டன்ல இருக்கற நம்மாளுங்க "பாய்லருக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாத்திட்டேன்"னு சொல்றப்ப மாத்திட்டேன்ங்கறது மட்டும்தான் தமிழ், மத்தது மூணும் இங்கிலீஷ். பாய்லர் அங்க வீட்டைச் சூடாக்கற கேஸ் அடுப்பு மாதிரி, அந்தச் சூட்டை நாம வெச்ச அளவுலயே நிக்க வைக்கிற கருவி தெர்மோஸ்டாட். மூணுலயும் சுவாரஸ்யமானது தெர்மோஸ்டாட்தான்.

ரெண்டு கிரேக்கச் சொல்லை ஒட்டிப் பண்ணினது இது. தெர்மோஸ்னா சூடு, தெர்மாமீட்டர்ல வர்ற அதே தெர்மோ. ஸ்டாடோஸ்னா நிக்கிறது, அசையாம இருக்கிறது. சமஸ்கிருதம் வழியா நமக்கு வந்த ஸ்தலம், ஸ்தானம், ஸ்திரம் எல்லாம் இந்த ஸ்டாட்டுக்கு தூரத்து சொந்தம். ஸ்காட்லாந்து வேதியியல் அறிஞர் ஆண்ட்ரூ யூர் 1830ல காப்புரிமை வாங்கின கருவிக்கு வெச்ச பேரு இது. வேற வேற உலோகத்துல ரெண்டு தகட்டை ஒட்டி வெச்சா சூட்டுல ஒண்ணு அதிகமா நீளும் இன்னொண்ணு கம்மியா நீளும், அதனால மொத்தமா வளையும், அந்த வளைவுதான் சூட்டைக் கூட்டிக் குறைக்கற வேலையைப் பாக்குது. அயர்ன் பாக்ஸ்ல டிக்குனு சத்தம் வருதே, அதுவும் இந்த ஈருலோகத் தகடுதான்.

அர்த்தத்துல முக்கியமான பாதி ஸ்டாட். இதைக் கவனிக்காததாலதான் நிறைய பேர் தெர்மோஸ்டாட்டை ஆக்ஸிலரேட்டர் மாதிரி மிதிக்கிறாங்க, வெளில பனி, வீடு சில்லுன்னு இருக்கு, உடனே 20ல இருந்து 28க்கு திருப்பினா சீக்கிரம் சூடாயிடும்னு நெனப்பு. சாதா தெர்மோஸ்டாட்டுக்கு எரி, நிறுத்துன்னு ரெண்டே உத்தரவுதான் தெரியும். 28 வெச்சாலும் 20ஐ தொடறதுக்கு அதே நேரம்தான் ஆகும், அதுக்கப்புறமும் நிக்காம எரிஞ்சு கேஸ் பில்தான் ஏறும்.

சரி, தமிழ்ல? வெப்பநிலைக் கட்டுப்படுத்தின்னா எந்த கன்ட்ரோலருக்கும் பொருந்தும், ஸ்டாட் காணாம போயிடுது. நிலைப்படுத்தின்னா வோல்டேஜ் ஸ்டெபிலைசர் ஞாபகம் வருது, அதோட வெப்பநிலை நிலைப்படுத்தின்னு சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கும். என் ஓட்டு வெப்பநிலை நிறுத்திக்குத்தான். நிறுத்துன்னா நிக்க வைக்கிறதும் ஆச்சு, ஓடறதை நிப்பாட்டறதும் ஆச்சு, இந்தக் கருவி ரெண்டையும் தானே பண்ணுது?

பாய்லருக்கு கொதிகலன்னு எப்பவோ இருக்கு. தண்ணியை 60, 70 டிகிரிக்கு சூடு பண்ணி ரேடியேட்டருக்கு அனுப்பற வீட்டு பாய்லர்ல எதுவும் கொதிக்கிறதே இல்ல, ஆனா இங்கிலீஷ் பேரும் அதே பொய்யைத்தான் சொல்லுது, விடுங்க.

ஸ்மார்ட்தான் தொல்லை. போனுக்கு திறன்பேசி, ஸ்கூல்ல திறன்மிகு வகுப்பறை, சிட்டிக்கு மட்டும் சீர்மிகு நகரம், பொலிவுறு நகரம்னு ஆளுக்கொண்ணு. இங்க திறன்தான் சரி, சுவத்துல ஒட்டியிருக்கற பெட்டிக்கு சீரும் பொலிவும் எதுக்கு? திறன் வெப்பநிலை நிறுத்தி. வைஃபை, ஆப் இருக்கறதால மட்டும் திறன் இல்ல, தெர்மோஸ்டாட்டும் பாய்லரும் பேசிக்கற ஓப்பன்தெர்ம் மாதிரி வசதி இருந்தா (பாய்லர்லயும் அது இருக்கணும்) எரி, நிறுத்துங்கற ரெண்டோட நிக்காம தண்ணி எவ்வளவு சூடா போகணும்னும் பாய்லருக்குச் சொல்லும், பாய்லரும் குறைஞ்ச சூட்டுல நிதானமா ஓடும், கேஸும் மிச்சம்.

மாட்டறவங்களுக்கு ஒண்ணு, அமெரிக்க வீடியோவைப் பாத்து வயர்ல கை வெக்காதீங்க. அங்க தெர்மோஸ்டாட் வயர்ல பெரும்பாலும் 24 வோல்ட்தான், பிரிட்டன்ல பல வீட்ல அதே இடத்துல 230 வோல்ட் ஓடுது. மெயினை ஆஃப் பண்ணி, கரன்ட் இல்லன்னு டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டு, பழைய வயர் எது எங்க இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துட்டு அப்புறம் கழட்டுங்க. பாய்லரோட கேஸ் பக்கத்தைத் திறக்கறது கேஸ் சேஃப்ல (பிரிட்டன்ல கேஸ் வேலை பாக்கறவங்களுக்கான பதிவேடு) பதிவு இருக்கறவங்க வேலை.